செயற்கைக்கோள் தரவுகளிலிருந்து துருவப் பனி இழப்பைக் கணக்கிடுவது எப்படி

கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் நிலத்தின்மேல் படிந்து கிடக்கும் மாபெரும் பனிவிரிப்புகள் ஆண்டுக்கு எவ்வளவு எடையை இழக்கின்றன என்பதைத் தாமே கணக்கிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தேவையான தரவுகள் அனைத்தும் நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை போன்ற அமைப்புகளின் தளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு சாதாரண மடிக்கணினியும், பைத்தான் போன்ற ஒரு நிரல்மொழியில் ஓரளவு பழக்கமும், புள்ளியியலில் நேர்கோட்டுப் பொருத்தம் வரையிலான அறிவும் இருந்தால் தொடங்கிவிடலாம். தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். செயற்கைக்கோள் அளப்பது பனியை அன்று. ஓர் ஒளித்துடிப்பு போய்த் திரும்பும் நேரத்தையோ, இரண்டு விண்கலங்களுக்கு இடைப்பட்ட தூரத்தையோ, இரண்டு படங்களுக்கு இடையில் ஒரு விரிசல் நகர்ந்த தொலைவையோதான் அது அளக்கிறது. அந்த அளவு ஜிகா டன்னாக மாறுவது நாம் செய்யும் திருத்தங்களின் வழியாகத்தான். ஆகவே இந்த வேலையில் திறமை என்பது பெரும்பாலும் திருத்தங்களைப் புரிந்துகொள்வதிலேயே இருக்கிறது.

எதைக் கணக்கில் எடுப்பது?

முதலில் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும். கடலில் மிதக்கும் பனி வேறு, நிலத்தின்மேல் அமர்ந்திருக்கும் பனி வேறு. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான நீரை ஏற்கனவே விலக்கி வைத்திருப்பதால், அது உருகினாலும் கடல்மட்டம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. எனவே ஆர்க்டிக் கடற்பனியும், அண்டார்க்டிகாவின் ஓரங்களில் நீண்டு மிதக்கும் பனிமேடைகளும் இந்தக் கணக்கில் சேரா. பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் எல்லையைத் 'தரைதொடு கோடு' என்று இங்கே அழைக்கிறேன். நம் கணக்கின் வேலி அதுவே. கிரீன்லாந்தின் பனிவிரிப்பு ஏறக்குறைய 17 லட்சம் ச.கி.மீ. பரப்புடையது, அது முழுதும் கடலில் கலந்தால் உலகக் கடல்மட்டம் சுமார் 7.4 மீட்டர் உயரும். அண்டார்க்டிகாவில் தரையில் அமர்ந்த பனியின் பரப்பு சுமார் 120 லட்சம் ச.கி.மீ.; அதன் கடல்மட்ட மதிப்பு சுமார் 58 மீட்டர்.

அலகு ஜிகா டன், அதாவது நூறு கோடி டன். ஒரு கன கிலோமீட்டர் நன்னீரின் எடை ஒரு ஜிகா டன். உலகக் கடல்களின் பரப்பு ஏறக்குறைய 36.2 கோடி ச.கி.மீ. என்பதால், சுமார் 362 ஜிகா டன் பனி கடலில் சேர்ந்தால் கடல்மட்டம் ஒரு மில்லிமீட்டர் உயரும். இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்திருந்தால், எங்கே எந்த விடை வந்தாலும் அது பொருந்துகிறதா என்று உடனே உரசிப் பார்க்கலாம்.

கணக்கிட மூன்று வழிகள் உள்ளன. பனியின் ஈர்ப்பு மாறுவதை அளப்பது முதல் வழி. அதன் மேற்பரப்பு தாழ்வதை அளப்பது இரண்டாவது. உள்ளே வரும் பனிப்பொழிவிலிருந்து கடலுக்குள் வடியும் பனியைக் கழிப்பது மூன்றாவது. புதிதாகத் தொடங்குகிறவர் ஈர்ப்பு முறையில் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து. அதில் விடை நேரடியாக எடையாகவே வருகிறது; கோப்பும் சிறியது.

ஈர்ப்பு முறை

2002 மார்ச் 17 அன்று நாசாவும் ஜெர்மனியின் விண்வெளி மையமும் சேர்ந்து ஏவிய கிரேஸ் என்னும் இரட்டை விண்கலங்கள், சுமார் 500 கி.மீ. உயரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக ஏறக்குறைய 220 கி.மீ. இடைவெளியில் துருவங்களைச் சுற்றி வந்தன. எடைமிகுந்த ஒரு பகுதியை முன்னே செல்லும் கலம் நெருங்கும்போது அப்பகுதி அதை முன்னோக்கி இழுக்கிறது, இடைவெளி கூடுகிறது. அதைத் தாண்டிச் சென்றதும் முன்கலம் பின்னிழுக்கப்பட, பின்கலம் இன்னும் முன்னிழுக்கப்படுவதால் இடைவெளி குறைகிறது. மைக்ரோ அலைகளைக் கொண்டு அந்த இடைவெளி மாற்றத்தை ஒரு மைக்ரோமீட்டர் அளவு நுட்பத்தில், அதாவது தலைமுடியின் தடிமனில் பல பத்துகளில் ஒரு பங்கு அளவுக்கு, அளந்தார்கள். ஒரு மாத அளவீடுகளைச் சேர்த்தால் அந்த மாதத்துக்கான பூமியின் ஈர்ப்பு வரைபடம் கிடைக்கிறது. 2017 அக்டோபரில் கிரேஸ் ஓய்ந்தது. அதன் தொடர்ச்சியான கிரேஸ்-எஃப்ஓ 2018 மே 22 அன்று ஏவப்பட்டது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஓராண்டுக் காலத்துக்குத் தரவே இல்லை. அந்த வெற்றிடத்தை இடைச்செருகல் செய்து நிரப்பி, பிறகு அதையும் அளவீடு போல எண்ணிப் பொருத்தம் செய்வது தவறு, வெற்றிடமாகவே விட்டுவிடுங்கள்.

மாதாந்திர ஈர்ப்புத் தரவு இரண்டு வடிவங்களில் கிடைக்கிறது. ஒன்று கோள ஒத்திசைக் கெழுக்கள், அதாவது பூமியின் ஈர்ப்பைப் பல அலைவடிவங்களின் கூட்டலாக எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் வரும் எண்கள். மற்றொன்று 'மாஸ்கான்' எனப்படும், பூமியைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் நேரடியாக எடை மாற்றம் காட்டும் வடிவம். ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வகம், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் விண்வெளி ஆய்வு மையம், கோடார்டு விண்வெளி மையம் ஆகிய மூன்றும் தனித்தனியே மாஸ்கான்களைக் கணித்து வெளியிடுகின்றன. தொடக்கத்தில் மாஸ்கானையே எடுங்கள். அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நீர்ச்சமத் தடிமன்' சென்டிமீட்டரில் தரப்பட்டிருக்கும். அந்த எண் ஒரு குறிப்பிட்ட காலத்தின் சராசரியைக் கழித்தபின் எஞ்சிய மாற்றமே தவிர, மொத்தப் பனி அன்று. பனிவிரிப்புக்குள் விழும் ஒவ்வொரு கட்டத்தின் தடிமனையும் அதன் பரப்பால் பெருக்கிக் கூட்டினால் அந்த மாதத்துக்கான எடை கிடைத்துவிடும்.

இங்கே பரப்பில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அரைப் பாகைக்கு அரைப் பாகை கொண்ட ஒரு கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறக்குறைய 3,090 ச.கி.மீ. இருக்கும், அதே கட்டம் 75 பாகை அட்சரேகையில் சுமார் 800 ச.கி.மீ.தான். அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்க மறந்தால் கிரீன்லாந்தின் இழப்பு மூன்று நான்கு மடங்காக வந்து நிற்கும். இன்னொரு மயக்கமும் உண்டு. கோப்பு அரைப் பாகைக் கட்டங்களில் இருப்பதால் அந்த அளவுக்கு நுணுக்கமாகப் பார்க்க முடிகிறது என்று எண்ணிவிடக் கூடாது. கிரேஸின் உண்மையான பகுதிறன், அதாவது அதனால் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய அளவு, சுமார் 300 கி.மீ.; ஜெட் புரொப்பல்ஷன் ஆய்வகத்தின் மாஸ்கான் துண்டுகள் ஒவ்வொன்றும் மூன்று பாகை அகலமுடையவை. ஒரு தனிப் பனியாற்றின் இழப்பை இந்தத் தரவிலிருந்து பிரித்தெடுத்தேன் என்று ஒருவர் சொன்னால், அதை ஏற்குமுன் பலமுறை யோசிக்க வேண்டும்.

கெழுக்களிலிருந்தே தொடங்க விரும்புகிறவருக்கு வேலை கூடுதல். ஜான் வாரும் அவருடைய துணையாசிரியர்களும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையே இன்றும் அதன் அடிப்படை. பூமியின் தட்டைத்தன்மையைக் குறிக்கும் சி20 கெழுவை கிரேஸ் நன்றாக அளப்பதில்லை. அதை நீக்கிவிட்டு, தரையிலிருந்து லேசர் செலுத்தி அளந்த மதிப்பை இட வேண்டும். கிரேஸின் இறுதிக் காலத்திலும் கிரேஸ்-எஃப்ஓவிலும் ஒரு கலத்தின் முடுக்கமானித் தரவு முறையாகக் கிடைக்காமல் போனதால், வடக்கு தெற்கு அரைக்கோளங்களின் வேறுபாட்டைக் குறிக்கும் சி30 கெழுவையும் அவ்வாறே மாற்ற வேண்டியிருக்கிறது. அண்டார்க்டிகாவுக்கு இது அலட்சியப்படுத்தக்கூடிய திருத்தம் அன்று. பூமியின் நிறை மையம் இடம்பெயர்வதைக் காட்டும் முதற்படிக் கெழுக்கள் கிரேஸ் தரவில் இரா. அவற்றைத் தனியே சேர்க்க வேண்டும். வடக்கு தெற்காக ஓடும் கோடுகள் போன்ற இரைச்சலை வடிகட்ட வேண்டும். வடிகட்டினால் கரையோரப் பனியின் சமிக்ஞை கடலுக்குள் கசியும். அந்தக் கசிவையும் ஈடுசெய்ய வேண்டும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பாறைத்தள மீட்சித் திருத்தம். கடைசிப் பனியுகத்தில் பனியின் சுமையால் அழுந்திய பூமியின் மேலோடு இன்றும் மெல்ல எழுந்துகொண்டிருக்கிறது; மேலோட்டின் அடியில் மூடகப் பாறை வந்து சேர்வதை, பனி கூடுவதாகவே கிரேஸ் படிக்கும். இதன் கனத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். அண்டார்க்டிகாவின் 120 லட்சம் ச.கி.மீ. பரப்பும் ஆண்டுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் எழுகிறது என்று வைத்துக்கொண்டால், அது 12 கன கி.மீ. பாறையின் அசைவு. மூடகப் பாறையின் அடர்த்தி நீரைப்போல் சுமார் 3.3 மடங்கு என்பதால், ஈர்ப்பில் அது ஏறக்குறைய 40 ஜிகா டன் பனி சேர்ந்ததாகத் தோன்றும். அண்டார்க்டிகா ஆண்டுதோறும் இழக்கும் பனியே சுமார் 150 ஜிகா டன் என்று கிரேஸ் வரிசை காட்டுகையில், ஒரு மில்லிமீட்டர் பாறையசைவில் நேரும் தவறு விடையில் கால் பங்குக்கு மேல் புரட்டிவிடும். மீட்சியைக் கணிக்க ஐஸ்-6ஜி போன்ற மாதிரிகள் உள்ளன. ஒன்றோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று மாதிரிகளைக் கொண்டு கணக்கிட்டு, விடை எவ்வளவு நகர்கிறது என்று பாருங்கள். ஒரு எச்சரிக்கை: மாஸ்கான் கோப்புகளில் பெரும்பாலானவற்றில் இந்தத் திருத்தம் ஏற்கனவே செய்யப்பட்டிருக்கும். கோப்பின் விளக்கக் குறிப்பைப் படிக்காமல் மறுபடியும் கழித்தால், இல்லாத இழப்பு ஒன்று முளைத்துவிடும்.

உயர முறை

பனியின் மேற்பரப்பு எவ்வளவு தாழ்ந்தது என்று அளந்து, பரப்பால் பெருக்கிக் கன அளவாக்கி, அடர்த்தியால் பெருக்கி எடையாக்குவது இரண்டாவது முறை. கேட்க எளிது, செய்யும்போதுதான் அதன் ஆழம் தெரியும். ஈர்ப்பு முறைக்கு இல்லாத ஒரு பெரும் பலம் இதற்கு உண்டு: எந்தப் பனியாற்றின் எந்தப் பகுதி மெலிகிறது என்பதைக் கிலோமீட்டர் அளவில் காட்டிவிடும்.

இன்றைய நிலையில் இதற்கு மிகச் சிறந்த கருவி, 2018 செப்டம்பர் 15 அன்று ஏவப்பட்ட நாசாவின் ஐஸ்சாட்-2. வினாடிக்கு 10,000 பச்சை லேசர் துடிப்புகளைத் தரைக்கு அனுப்பி, திரும்பி வரும் ஒளித்துகள்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஒரு துடிப்பில் கோடானுகோடி ஒளித்துகள்கள் புறப்பட்டாலும், பளிச்சிடும் பனியிலிருந்துகூடத் திரும்பி வந்து பதிவாகிறவை ஏறக்குறைய ஒரு டஜன்தான். மேற்பரப்பு ஒரு சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஒளி போய்த் திரும்பும் நேரம் கூடுவது வினாடியின் லட்சம் கோடியில் 67 பங்கு மட்டுமே. 91 நாட்களுக்கு ஒருமுறை அதே 1,387 தடங்களின்மீது அது திரும்ப வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். செயற்கைக்கோள் அதே தடத்துக்குத் திரும்பினாலும் அச்சு அசலாக அதே புள்ளியின்மீது வருவதில்லை. 50 மீட்டர் பக்கவாட்டில் விலகியிருக்கிறது என்று கொள்வோம். அந்த இடத்தில் பனியின் சரிவு ஒரே ஒரு பாகைதான் என்றாலும், 50 மீட்டர் விலகலால் மட்டும் உயரம் 87 சென்டிமீட்டர் மாறித் தெரியும். நாம் தேடும் ஆண்டு மாற்றமோ பல இடங்களில் 20 சென்டிமீட்டருக்கும் குறைவு. 2003 முதல் 2009 வரை இயங்கிய முதல் ஐஸ்சாட்டில் ஒரே ஒரு கற்றைதான் இருந்தது. அதனால் குறுக்குச் சரிவையும் உண்மையான தாழ்வையும் பிரித்தறிவது பெரும்பாடாக இருந்தது. ஐஸ்சாட்-2 ஆறு கற்றைகளை மூன்று இணைகளாக அனுப்புகிறது; ஓர் இணையின் இரு கற்றைகளும் தரையில் 90 மீட்டர் இடைவெளியில் ஓடுவதால், ஒரே கடப்பிலேயே குறுக்குச் சரிவு தெரிந்துவிடுகிறது. அந்தச் சரிவைக் கழித்தபின் எஞ்சுவதே காலத்தால் வந்த மாற்றம். இவ்வளவு எளிய யோசனை இவ்வளவு பெரிய குழப்பத்தைத் தீர்த்திருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு அதை வடிவமைத்தவர்கள்மீது மதிப்புக் கூடுகிறது.

நடைமுறையில் ஒளித்துகள் அளவிலான மூலத்தரவில் இறங்க வேண்டியதில்லை. அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம் வழங்கும் ஏடிஎல்06 என்னும் தொகுப்பில் 40 மீட்டர் நீளத் துண்டுகளுக்கான உயரம் கணிக்கப்பட்டிருக்கும். ஏடிஎல்11 தொகுப்பில் சரிவுத் திருத்தமும் முடிந்து, ஒவ்வொரு இடத்துக்குமான காலவரிசையே கிடைக்கும். ஏடிஎல்06-ஐப் பயன்படுத்தினால், தரக்குறி 0 உள்ள துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேகத்தில் பட்டுத் திரும்பிய ஒளி பனியின் உயரமாக வேடமிட்டு நூற்றுக்கணக்கான மீட்டர் மேலே நிற்கும். அவை அந்தக் குறியால் பெரும்பாலும் நீங்கும். முதல் இரண்டு சுற்றுகளில் விண்கலம் குறித்த தடங்களிலிருந்து விலகி நோக்கியதால், அதே தடத்தில் மீண்டும் அளந்த வரிசை 2019 ஏப்ரல் வாக்கில் தொடங்கிய மூன்றாம் சுற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

லேசருக்கு முந்தைய நீண்ட வரலாறு ரேடாரில் இருக்கிறது. 1991-இல் ஏவப்பட்ட ஈஆர்எஸ்-1 தொடங்கி ஈஆர்எஸ்-2, என்விசாட், 2010 ஏப்ரல் 8 அன்று ஏவப்பட்ட கிரையோசாட்-2 வரை முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தொடர் அது. ரேடார் மேகத்தை ஊடுருவும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் ரேடார் கற்றை தரையில் பல கிலோமீட்டர் அகலத்துக்கு விரிவதால், எதிரொலி நேர்கீழே இருக்கும் புள்ளியிலிருந்து வராமல் சரிவின் மேட்டுப்பக்கத்திலிருந்து முதலில் வந்துவிடும். ஏறக்குறைய 720 கி.மீ. உயரத்திலிருந்து ஒரு பாகைச் சரிவை அளந்தால், எதிரொலி வந்த இடம் சுமார் 12 கி.மீ. தள்ளியிருக்கும், உயரத்தில் நேரும் பிழை நூறு மீட்டரைத் தாண்டும். கிரையோசாட்-2 இரண்டு அலைவாங்கிகளைக் கொண்டு எதிரொலி வந்த திசையையும் கண்டறிவது, சரிவு மிகுந்த ஓரப்பகுதிகளில் இந்தச் சிக்கலைத் தீர்க்கவே.

ரேடாரில் இன்னொரு பொறியும் உண்டு. உலர்ந்த பனிக்குள் அது சில மீட்டர் இறங்கித்தான் திரும்புகிறது. 2012 ஜூலையில் கிரீன்லாந்தின் மேற்பரப்பு ஏறக்குறைய முழுதும் சில நாட்கள் உருகி, மீண்டும் உறைந்து, பனிக்குள் கட்டியான ஓர் அடுக்கை உண்டாக்கியது. அதன்பின் ரேடார் அந்த அடுக்கில் பட்டே திரும்பியதால், உள்நாட்டுப் பனி அரை மீட்டர் அளவுக்கு உயர்ந்துவிட்டது போலத் தரவு காட்டியது. உருகியதன் விளைவு உயர்வாகத் தெரிந்த அந்தக் கோடையை ரேடார் தரவைத் தொடும் எவரும் மறக்கக் கூடாது. எதிரொலியின் வடிவத்தில் நேரும் மாற்றத்தையும் பொருத்தத்தில் சேர்த்தால்தான் இத்தகைய தாவலை அடையாளம் காண முடியும்.

உயரம் கைக்கு வந்தபின் அடர்த்திதான் பெருங்கேள்வி. புதிதாகப் பெய்த பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 350 கிலோ அளவில் இருக்கும். முழுதாக இறுகிய பனிக்கட்டியின் அடர்த்தி 917 கிலோ. 10,000 ச.கி.மீ. கொண்ட ஒரு வடிநிலம் ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கன அளவு 2 கன கி.மீ. அது பனியாறு வேகமெடுத்துக் கட்டிப்பனி வெளியேறியதால் வந்த தாழ்வு என்றால் இழப்பு 1.83 ஜிகா டன். சில ஆண்டுகள் பனி குறைவாகப் பெய்ததால் வந்தது என்றால் 0.7 ஜிகா டன். பனி எதையும் இழக்காமல், மேலடுக்கு இறுகி அமிழ்ந்ததால் மட்டும் வந்தது என்றால் சுழியம். லேசர் மூன்றையும் வேறுபடுத்திக் காட்டாது. ஆகவே, வானிலைத் தரவைக் கொண்டு இறுகுபனி அடுக்கில் (பனி கட்டியாக இறுகிவரும் மேலடுக்கில்) உள்ள காற்றளவு மாறுவதைக் கணிக்கும் மாதிரி ஒன்றை எடுத்து, அந்த மாற்றத்தை உயரத்திலிருந்து முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதைப் பனிக்கட்டியின் அடர்த்தியால் பெருக்குவதே இப்போது ஏற்கப்பட்ட வழி. பாறைத்தள மீட்சி இங்கே சிறியது: அதே ஒரு மில்லிமீட்டர் எழுச்சி உயர முறையில் சுமார் 11 ஜிகா டன் அளவே பிழை தரும்.

அடர்த்தியின் கனம் எவ்வளவு என்பதற்கு 2015-இல் நாசாவின் ஜே ஸ்வாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. கிழக்கு அண்டார்க்டிகாவில் காணப்பட்ட சிறு உயர்வைக் கட்டிப்பனியின் அடர்த்தியோடு கணக்கிட்டபோது, அண்டார்க்டிகா மொத்தத்தில் பனியைச் சேர்த்துவருகிறது என்ற முடிவு அவர்களுக்குக் கிடைத்தது. வேறு அடர்த்தியையும், லேசர் காலகட்டங்களுக்கு இடையிலான வேறு திருத்தத்தையும் எடுத்துக்கொண்ட மற்றவர்கள் இழப்பையே கண்டார்கள். ஈர்ப்பு அளவீடும் இழப்பின் பக்கமே நின்றது. சென்டிமீட்டர் அளவு உயர்வைப் பெரும் பரப்பால் பெருக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு அனுமானமும் நூறு ஜிகா டன் எடையுள்ளது என்பதை அந்த விவாதம் காட்டியது.

வரைபடத்தில் பரப்பைக் கூட்டும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். துருவத் தரவுக்குப் பயன்படும் துருவ வரைபட வீச்சு, அதாவது கோளப் பரப்பைத் தட்டைத் தாளில் காட்டும் முறை, 70 பாகை அட்சரேகை அருகில்தான் உண்மை அளவைத் தரும். துருவத்தின் அருகே பரப்பு 5 முதல் 6 சதவீதம் குறைவாக வரும். கட்டத்துக்குக் கட்டம் இந்தத் திருத்தத்தைச் செய்வது இரண்டு வரி நிரல்தான்.

வரவு செலவு முறை

மூன்றாவது முறையில் பனிவிரிப்பு ஒரு கணக்கேடு. பனிப்பொழிவு வரவு, உருகி ஓடும் நீரும் தரைதொடு கோட்டைத் தாண்டிக் கடலுக்குள் செல்லும் பனியும் செலவு. சென்டினல்-1 போன்ற ரேடார் செயற்கைக்கோள்கள் ஆறு அல்லது பன்னிரண்டு நாள் இடைவெளியில் எடுத்த படங்களை ஒப்பிட்டால் பனி எவ்வளவு நகர்ந்தது என்று தெரியும். நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து 2025 ஜூலை 30 அன்று ஏவிய நிசார் இந்த வகைத் தரவை இன்னும் செழிப்பாக்கும். கிரீன்லாந்தின் யாகோப்ஸ்ஹாவ்ன் பனியாறு 2012 கோடையில் ஆண்டுக்கு 17 கி.மீ. என்ற வேகத்தை, அதாவது நாளொன்றுக்கு 46 மீட்டரை, எட்டியது இப்படித்தான் தெரிய வந்தது. தரைதொடு கோட்டையும் ரேடாரே காட்டித் தரும்: கடலின் ஏற்ற இறக்கத்தோடு மிதக்கும் பனி ஏறி இறங்குவதால், அது வளையும் இடம் ரேடார் குறுக்கீட்டுப் படத்தில் நெருங்கிய வரிகளாகத் தெரியும்.

30 கி.மீ. அகலமும் 1 கி.மீ. தடிமனும் கொண்ட ஒரு பனியாறு ஆண்டுக்கு 4 கி.மீ. நகர்ந்தால், அது கடலுக்குள் தள்ளுவது 120 கன கி.மீ., அதாவது 110 ஜிகா டன். தடிமனில் பத்தில் ஒரு பங்கு தவறினால் 11 ஜிகா டன் தவறும். வேகத்தை விண்ணிலிருந்து நன்றாக அளக்கலாம். தடிமனுக்கு விமானத்தில் கொண்டுசென்ற ரேடாரையும், அதிலிருந்து தொகுக்கப்பட்ட பெட்மெஷின் போன்ற அடித்தள வரைபடங்களையும் நம்பியிருக்க வேண்டும். வரவோ செயற்கைக்கோளில் கிடைப்பதே இல்லை. ராக்மோ, மார் போன்ற வட்டார வானிலை மாதிரிகளிலிருந்து எடுக்க வேண்டும். அண்டார்க்டிகாவின் தரைப்பனிமீது ஆண்டுக்குச் சேரும் பனி ஏறக்குறைய 2,000 ஜிகா டன்; அதில் ஐந்து சதவீதப் பிழை என்றால் 100 ஜிகா டன். இரண்டு மிகப் பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணைப் பெறும் எந்தக் கணக்குக்கும் உள்ள பலவீனம் இது. அப்படியிருந்தும் இந்த முறையை விட்டுவிடக் கூடாது. இழப்பு உருகலால் வந்ததா, பனியாறு வேகமெடுத்ததால் வந்ததா என்று பிரித்துச் சொல்லக்கூடியது இது ஒன்றே.

போக்கும் பிழை வரம்பும்

எந்த முறையில் வந்தாலும், கடைசியில் கையில் இருப்பது மாதவாரியான ஒரு வரிசை. அதன்மீது நேர்கோட்டை மட்டும் பொருத்தாதீர்கள். கிரீன்லாந்து கோடையில் இழந்து குளிர்காலத்தில் ஓரளவு மீட்கிறது. ஆகவே ஆண்டுச் சுழற்சியையும் அரையாண்டுச் சுழற்சியையும் குறிக்கும் சைன், கொசைன் உறுப்புகளையும் சேர்த்தே மீச்சிறு வர்க்கப் பொருத்தம் செய்ய வேண்டும். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடியும் வரிசைக்கு வெறும் நேர்கோடு பொருத்தினால் இழப்பு ஊதிப் பெருகும். அடுத்தடுத்த மாதங்களின் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால், நிரல் தானாகத் தரும் பிழை வரம்பு உண்மையைவிடச் சிறியதாகவே இருக்கும். பொருத்தியபின் மிஞ்சும் எச்சங்களின் தன்னொட்டுறவை, அதாவது ஒரு மாத எச்சம் அடுத்த மாத எச்சத்தோடு ஒட்டிப்போகும் அளவை, கணக்கிட்டு அந்த வரம்பை விரிக்க வேண்டும். அதோடு, மாதிரிகளை மாற்றும்போது விடை நகரும் அளவையும் சேர்க்க வேண்டும். பெரும்பாலான சமயங்களில் பெரிய பங்கு அதுதான்.

குறுகிய காலப் போக்கை நம்பாதீர்கள். 2019-இல் கிரீன்லாந்து 444 ஜிகா டன் இழந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் இழப்பு மிகக் குறைவு. 2022-இல் கிழக்கு அண்டார்க்டிகாவில் வழக்கத்துக்கு மிஞ்சிய பனிப்பொழிவு அந்த ஆண்டின் கணக்கையே வரவுப்பக்கம் சாய்த்தது. யாகோப்ஸ்ஹாவ்ன்கூட 2016-க்குப் பின் கடல்நீர் குளிர்ந்ததால் சில ஆண்டுகள் வேகம் குறைந்து தடித்தது. ஐந்தாறு ஆண்டுகளை மட்டும் வெட்டியெடுத்தால் எந்தக் கதையையும் சொல்லிவிடலாம். இருபது ஆண்டு வரிசையில் கிரீன்லாந்து ஆண்டுக்குச் சுமார் 270 ஜிகா டன் வீதம் இழந்துவருவது தெளிவாக நிற்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்தல்

மூன்று முறைகளின் பிழைகளும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. ஈர்ப்புக்குப் பாறை, உயரத்துக்கு அடர்த்தி, வரவு செலவுக்குப் பனிப்பொழிவு. ஆகவே மூன்றும் ஒரே திசையில், ஒன்றன் பிழை வரம்புக்குள் மற்றொன்று வருமாறு நின்றால், அந்த விடைக்கு வலு மிகுதி. இதையே முறைப்படி செய்வதற்காக ஆண்ட்ரூ ஷெப்பர்ட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒன்றுகூடித் தொடங்கிய இம்பி என்னும் கூட்டுமுயற்சி, பல குழுக்களின் கணக்குகளை ஒரே எல்லைக்கோடு, ஒரே காலகட்டம் என்ற நிபந்தனையோடு ஒப்பிடுகிறது. 2023-இல் வெளிவந்த அதன் தொகுப்பின்படி, 1992 முதல் 2020 வரை இரண்டு பனிவிரிப்புகளும் சேர்ந்து 7,560 ஜிகா டன் இழந்துள்ளன, பிழை வரம்பு 699. கடல்மட்டத்துக்கு அது 21 மில்லிமீட்டர். 1992–1996-இல் ஆண்டுக்கு 105 ஜிகா டன்னாக இருந்த இழப்பு 2016–2020-இல் 372 ஜிகா டன்னாகிவிட்டது. முன்னே சொன்ன 362 என்ற எண்ணால் 7,560-ஐ வகுத்துப் பாருங்கள். 21-க்கு மிக அருகில் வரும்.

உங்கள் விடை இதிலிருந்து பெரிதும் விலகினால் முதலில் சரிபார்க்க வேண்டியது எல்லைக்கோடு. கிரீன்லாந்தின் ஓரங்களில் பெரிய விரிப்போடு ஒட்டாமல் தனித்து நிற்கும் சிறு பனியாறுகள் அங்குள்ள பனிப்பரப்பில் ஏறக்குறைய ஐந்து சதவீதம். கிரேஸால் அவற்றைப் பிரித்துப் பார்க்க இயலாது. லேசர் கணக்கில் அவை சேர்வதும் விடுபடுவதும் நீங்கள் எடுத்த எல்லைக்கோப்பைப் பொறுத்தது. அடுத்துப் பார்க்க வேண்டியது மிதக்கும் பனிமேடைகள். அவை மெலிந்தால் ஈர்ப்பில் மாற்றம் தெரியாது, ஏனெனில் போன பனியின் இடத்தைக் கடல்நீர் நிரப்பிவிடும். உயரத்தில் மட்டும் மெலிந்ததில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு தாழ்வாகத் தெரியும். தரைதொடு கோட்டுக்கு வெளியே உள்ள கட்டங்கள் தவறி உள்ளே வந்திருந்தால் இரண்டு முறைகளும் ஒருபோதும் ஒத்துப்போகமாட்டா.

விடையை எழுதும்போது வெறும் எண்ணை எழுதாதீர்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எந்தத் தரவின் எத்தனையாவது வெளியீடு, எந்த எல்லைக்கோடு, எந்தப் பாறைத்தள மாதிரி, எந்த இறுகுபனி மாதிரி, ஓரப் பனியாறுகள் சேர்ந்தனவா, பிழை வரம்பு ஒரு திட்டவிலக்கமா இரண்டா ஆகிய அனைத்தையும் அதே பத்தியில் சொல்லிவிடுங்கள். கிரேஸ் தரவும் ஐஸ்சாட்-2 தரவும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தொடக்கத்திலிருந்தே மறுகணிப்புச் செய்யப்பட்டு வெளியாகின்றன. பழைய வெளியீட்டின் மாதங்களோடு புதிய வெளியீட்டின் மாதங்களை ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒரு போலித் தாவல் தோன்றும். எனவே கோப்பை இறக்குவதிலிருந்து போக்கைப் பொருத்துவது வரை எல்லாவற்றையும் ஒரே நிரலாக எழுதி வைத்துக்கொண்டு, புதிய வெளியீடு வரும்போதெல்லாம் 2002 ஏப்ரலின் முதல் மாதக் கோப்பிலிருந்தே மீண்டும் ஓட்டுங்கள்.